எண்பதாம் கல்யாணத்துக்கு ஒரு ஆர்கெஸ்ட்ரா: டி.எம்.எஸ். பிடிக்காத மருமகளின் விமர்சனம்

மாமனாரின் எண்பதாம் கல்யாணத்துக்கு மதுரையிலேயே ஒரு மெல்லிசைக் குழுவைப் பிடித்தோம். எட்டுப் பேர், நாலு மணி நேரம், 42,000 ரூபாய். சவுண்ட் செட்டுக்குத் தனியாக 15,000. பாதி முன்பணம், மீதி கச்சேரி முடிந்த கையோடு. இந்த மாதிரி விசேஷத்துக்கு ஆள் தேடுகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். குழுவின் பெயரைப் போடவில்லை. குறைகளும் இருந்தன, அவற்றையும் சொல்லத்தான் போகிறேன். முகூர்த்த மாதங்களை நம்பிப் பிழைக்கிற எட்டுப் பேரின் பெயரை அதற்குப் பக்கத்தில் எழுத மனம் வரவில்லை. மதுரையில் இந்த ரகத்தில் குழுக்கள் நிறைய. நான் சொல்வதில் பாதிக்கு மேல் எல்லோருக்குமே பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது டி.எம்.எஸ்., அதாவது பின்னணிப் பாடகர் டி.எம். சௌந்தரராஜன் பாட்டுகளுக்குப் பேர்போன குழு. எனக்கு டி.எம்.எஸ். பிடிக்காது. என் மதிப்பெண்ணைப் பார்க்கும்போது அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் இருந்துகொண்டு இதைச் சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. அவர் பிறந்த ஊர். 2023-இல் முனிச்சாலையில் சிலையே வைத்தாகிவிட்டது. கல்யாணமாகி நான் இங்கே வந்த புதிதில், ரேடியோவில் அவர் குரல் கேட்டதும் நான் மெல்ல அடுப்படிக்கு நகர்ந்துவிடுவதை நாத்தனார் கவனித்துவிட்டாள். "டி.எம்.எஸ்ஸே பிடிக்காதா? அப்ப யாரத்தான் பிடிக்கும்?" என்றாள். பி.பி. ஸ்ரீநிவாஸ் என்றேன். "ஓ, ஜெமினியா" என்றாள். ஜெமினி கணேசனுக்கு நிறையப் பாடியவர் ஸ்ரீநிவாஸ். அத்தோடு வழக்கு முடிந்தது. இந்த வீட்டில் பாடியவர் யார் என்பது பேச்சே கிடையாது, நடித்தவர் யார் என்பதுதான். எம்ஜிஆர் ஒரு கட்சி, சிவாஜி ஒரு கட்சி, இரண்டிலும் சேராதவர்களுக்கு ஜெமினி.

குழுவைப் பேசி முடிக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. மேனேஜர் வீட்டுக்கே வந்தார். இதில் அவருக்கு முழு மதிப்பெண். மண்டபத்தில் மேடை எத்தனை அடி, ஜெனரேட்டர் உண்டா, பந்தி மேடைக்குப் பக்கத்திலா மாடியிலா என்று வரிசையாகக் கேட்டவர், "ஐயாவுக்குக் காது எப்படி?" என்றும் கேட்டார். எண்பது வயது விசேஷங்கள் எத்தனையோ பார்த்தவர் என்று அப்போதே தெரிந்துவிட்டது. மாமாவுக்கு இடது காது அனேகமாகக் கேட்காது, வலது காதில் மெஷின். பஞ்சாலையில் ஸ்பின்னிங் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அந்தத் தலைமுறை மில் ஆட்களில் பாதிப் பேர் இப்படித்தான். "அப்ப ஸ்பீக்கர் ஒண்ண ஐயா உக்கார்ற பக்கமா வலதுல திருப்பி வச்சிருவோம்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். சொன்னபடி வைத்தும் கொடுத்தார்.

யார் பாட்டு அதிகம் வேண்டும் என்று கேட்டதற்கு, டி.எம்.எஸ். என்று கொழுந்தன் முந்திக்கொண்டான். "கவலைய விடுங்கண்ணே. நம்ம அண்ணன் மைக்கப் பிடிச்சா அவரே எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கும்" என்றார் மேனேஜர். எனக்குப் பயமே அதுதான்.

பாட்டுப் பட்டியலை லேமினேட் செய்த அட்டையாக வைத்திருக்கிறார்கள். எம்ஜிஆர் ஒரு பத்தி, சிவாஜி ஒரு பத்தி, டூயட், பக்தி, தத்துவம், சோகம். ஜெமினிக்குப் பத்தி இல்லை. அட்டையைத் திருப்பினால் 'மற்றவை' என்று ஒரு பெட்டி. ஏ.எம். ராஜா, சீர்காழி, திருச்சி லோகநாதன், பி.பி.எஸ். எல்லோரும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். பி.பி.எஸ். பாட்டு எல்லாவற்றுக்கும் நேராக டிக் போட்டேன். கொழுந்தன் எட்டிப் பார்த்துவிட்டு, "மதினி, இது அப்பா விசேஷம்" என்றான். சரி, நாலில் இரண்டை அடித்தேன்.

டி.எம்.எஸ். ஏன் பிடிக்கவில்லை என்று யாராவது கேட்டால் பெரும்பாலும் சிரித்து மழுப்பிவிடுவேன். இங்கே மழுப்ப வேண்டியதில்லை. அவர் பெரிய பாடகர். காரைக்குடி ராஜாமணி அய்யங்காரிடம் முறையாகக் கற்றவர். தமிழை அவர் அளவுக்குச் சுத்தமாக உச்சரித்தவர்கள் சினிமாவில் குறைவு. ழகரமும் ளகரமும் அவர் வாயில் தனித்தனியாக நிற்கும். கண்ணதாசன் எழுதியது கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் இருந்தவருக்கும் எழுத்துக்கூட்டிப் போய்ச் சேர்ந்ததென்றால் அதில் இவர் பங்கு பெரிது. தமிழ்த்தாய் வாழ்த்தை எம்.எஸ்.வி. இசையில் இவரும் சுசீலாவும் பாடிய குரலில்தான் நாம் கேட்டு வளர்ந்தோம். அது ஒலிக்கும்போது நானும் விறைப்பாகத்தான் நிற்கிறேன். அவர் திறமையில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை எங்கே என்றால், அவர் எப்போதும் கூட்டத்தைப் பார்த்தே பாடுகிறார். பாடி நடித்த தியாகராஜ பாகவதர் காலத்து மேடைக் குரலைக் கேட்டு வளர்ந்தவர். 1950-இல் வெளிவந்த கிருஷ்ண விஜயத்தில் பாடிய முதல் பாட்டில் பாகவதர் அப்படியே இருப்பார். மைக் இல்லாமல் கொட்டகையின் கோடி வரை கேட்க வேண்டும் என்பதற்காக உருவான பாணி அது. 1954-இல் தூக்குத் தூக்கியில் சிவாஜிக்கும் மலைக்கள்ளனில் எம்ஜிஆருக்கும் பாடி நிலைபெற்ற பிறகு பாகவதர் சாயல் போய்விட்டது. ஆனால் அந்தத் தூரம் போகவில்லை. காதலியிடம் பாடினாலும் கடவுளிடம் பாடினாலும் நடுவில் ஐநூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். சோகப் பாட்டென்றால் எனக்குத் தாங்காது. துக்கத்தை அறிவிக்கிறார், எனக்கு அழ இடம் விடுவதில்லை.

இன்னொன்று, எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிற விஷயம். எம்ஜிஆருக்கு மூக்கொலி சேர்த்து, சிவாஜிக்கு அடிவயிற்றிலிருந்து என்று ஆளுக்குத் தக்கபடி பாடுவார், கண்ணை மூடிக் கேட்டாலே யார் நடித்தது என்று சொல்லிவிடலாம் என்பார்கள். உண்மைதான். எனக்கு அதுவே தொல்லை. கண்ணை மூடினால் பாட்டு வர வேண்டும், சிவாஜி வந்து நிற்கிறார்.

அவருக்கு மெதுவாகப் பாட வராது என்று நினைத்துவிடக் கூடாது. சாந்தி படத்தில் 'யார் அந்த நிலவு' கேளுங்கள். அவ்வளவு தாழ்த்தி, அவ்வளவு பக்கத்தில் வந்து பாடியிருக்கிறார். அந்தப் பாட்டில் நான் சொல்ல ஒரு குறை இல்லை. இப்படியும் முடியும் என்கிறபோது, மற்ற பாட்டுகளில் அவர் குரலை உயர்த்தியது அவராக எடுத்த முடிவு. முடியாமல் செய்தவரை விட்டுவிடலாம். முடிவெடுத்துச் செய்தவரைப் பிடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு.

நான் வளர்ந்த வீடு தென்காசியில். அப்பா நூலகர். பக்கத்துக் குடித்தனத்துக்கும் எங்களுக்கும் ஒற்றைச் சுவர். ராத்திரி இலங்கை வானொலியை அப்பா காதோடு ஒட்டி வைத்துத்தான் கேட்பார். அந்தச் சத்த அளவில் டி.எம்.எஸ். பாடினால் யாரோ ஒருவரின் வாயைப் பொத்தி வைத்திருப்பதாகத் தோன்றும். ஸ்ரீநிவாஸ் பாடினால் சரியாக இருக்கும். என் ரசனை அங்கிருந்து வந்தது.

விசேஷத்துக்கு வருகிறேன். காலையில் கலச அபிஷேகம், தாலி கட்டு எல்லாம் முடிந்து பதினொன்றுக்குக் கச்சேரி என்று பேச்சு. பதினொன்றே முக்காலுக்குத்தான் முதல் பாட்டு வந்தது. அதுவரை "ஹலோ, மைக் டெஸ்டிங்". இதற்கு அரை மதிப்பெண் குறைக்கிறேன். மண்டபத்துக்கு ஒன்பது மணிக்கே வந்துவிட்டவர்கள் பொங்கல் வடையில் நேரத்தை விட்டுவிட்டார்கள்.

மெல்லிசை மேடையின் வழக்கப்படி சீர்காழியின் 'விநாயகனே வினை தீர்ப்பவனே'தான் ஆரம்பம். பிறகு அண்ணன் மேடைக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, நடுவில் குங்குமம். ஆளைப் பார்த்ததுமே முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முதலில் முருகன். 'கற்பனை என்றாலும் கற்சிலை என்றாலும்'. வாலி ஸ்ரீரங்கத்திலிருந்து தபால் கார்டில் எழுதி அனுப்ப, டி.எம்.எஸ். மெட்டமைத்துப் பாடிய பாட்டு இது என்று பாடுவதற்கு முன்னால் சொன்னார். கதையை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டுப் பாடினார், அது பிடித்தது. பல குழுக்களில் இந்த மாதிரிக் கதை பாட்டைவிட நீளமாக ஓடும்.

நகல் என்று எடுத்துக்கொண்டால் முதல் தரம். குரல் ஒற்றுமை ஒரு பக்கம். மூச்சு விடுகிற இடம், சொல்லின் கடைசி எழுத்தை ஒரு தட்டுத் தட்டி விடுவது, மேல் ஸ்தாயிக்குப் போகும்போது மைக்கிலிருந்து முகத்தைத் திருப்புவது எல்லாம் அச்சு. பாகவதரை நகல் எடுத்துத் தொடங்கியவருக்கு இவர் நகல். 'அச்சம் என்பது மடமையடா' பாடும்போது மூக்குக்கு ஏறிய குரல், 'ஆறு மனமே ஆறு' வந்ததும் வயிற்றுக்கு இறங்கியது. கூட்டம் கைதட்டியது. எனக்குப் பிடிக்காதவை அத்தனையும் ஒன்று விடாமல் அந்தத் தொண்டையில் இருந்தன. விமர்சனம் எழுதுகிறவளாக இதற்கு ஐந்துக்கு ஐந்து கொடுத்தாக வேண்டும், கொடுக்கிறேன்.

'பாட்டும் நானே பாவமும் நானே'தான் கோபத்தைக் கிளப்பியது. பேசும்போது எல்லாப் பாட்டும் நேரடி வாசிப்பு என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். இந்தப் பாட்டு தொடங்கியதும் கீபோர்டுக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டார், தபேலாக்காரர் தண்ணீர் குடிக்கப் போனார். வீணை, மிருதங்கம் எல்லாம் லேப்டாப்பிலிருந்து, முன்பே பதிவு செய்த டிராக்காக வந்துகொண்டிருந்தது. திருவிளையாடலில் பாடுகிறவரும் சிவாஜி, சுற்றி உட்கார்ந்து வாத்தியம் வாசிக்கிறவர்களும் சிவாஜி. இங்கே எல்லாமே நான் என்று பாடுகிறவரைச் சுற்றி ஒருத்தரும் வாசிக்கவில்லை. அண்ணன் பாடியது கச்சிதம்தான். ஆனால் நாங்கள் காசு கொடுத்தது எட்டுப் பேருக்கு. கேட்டதற்கு மேனேஜர், "அந்தப் பாட்டுக்கு மட்டும்தான்க்கா" என்றார். அந்தப் பாட்டோடு நிற்கவில்லை. உங்களுக்கு முழுக்க நேரடி வாசிப்பு முக்கியமென்றால், எந்தெந்தப் பாட்டுக்கு டிராக் என்று முன்கூட்டியே பட்டியலில் குறித்து வாங்கிவிடுங்கள்.

ஆனால் டிராக்கில் வராத ஒன்று நடந்தது. மாமா 'அந்த நாள் ஞாபகம்' கேட்டார். உயர்ந்த மனிதன் படத்தில் சிவாஜியும் மேஜர் சுந்தரராஜனும் பள்ளிக்கூடக் காலத்தை நினைத்துப் பேசிக்கொண்டே ஓடுகிற பாட்டு. பாட்டு பாதி, பேச்சு பாதி. மூச்சு வாங்கிக்கொண்டே பாட வேண்டும். அண்ணன் தொடங்கினார். பேச்சு வருகிற இடத்துக்கு நாலு வரி முன்னாலேயே மேனேஜர் இரண்டாவது மைக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, என் வீட்டுக்காரரின் தாய்மாமா முன்னால் நின்றார். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. முன்வரிசையில் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தவரைக் கண்டுபிடித்திருக்கிறார். தாய்மாமாவுக்கு எழுபத்தாறு வயது, ரேஷன் கடையில் எடை போட்டு ரிடையர் ஆனவர், எங்கள் கல்யாணத்தில்கூட மேடை ஏறாதவர். மைக்கை வாங்கி, மேஜர் சுந்தரராஜனின் வசனத்தை ஒரு வார்த்தை பிசகாமல், அந்த இழுவையோடு பேசினார். மாலையோடு உட்கார்ந்திருந்த மாமா அங்கிருந்தே சிவாஜி பக்கத்தைச் சொன்னார். அண்ணன் பாட்டை நிறுத்தி, இரண்டு பேருக்கும் இடம் விட்டு, அவர்கள் மூச்சு வாங்கி முடித்த பிறகு சரியாகப் பல்லவியில் வந்து சேர்ந்தார். தபேலாக்காரர் தாளத்தை விடாமல் இழுத்துப் பிடித்திருந்தார்.

அந்த இடத்தில் டி.எம்.எஸ். நடித்துப் பாடுவது குறையாகத் தெரியவில்லை. பாட்டே நடிப்புதான். அதற்காக எனக்கு இப்போது பிடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். எனக்குப் பிடித்தது தாய்மாமா. பாட்டு எனக்கு இன்னமும் நீளம்தான்.

அதே படத்தில் சுசீலா பாடிய 'நாளை இந்த வேளை பார்த்து' அடுத்து வந்தது. பின்னணிப் பாடகிக்குத் தேசிய விருது என்று ஒன்று வந்தபோது முதலில் வாங்கிக்கொடுத்த பாட்டு. பாடிய பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. குழுவில் சிறந்தவர் யார் என்றால் தயங்காமல் இவரைச் சொல்வேன். சுசீலா மாதிரி பாட முயற்சி செய்யவே இல்லை. சுருதியைச் சுத்தமாகப் பிடித்து, சொல்லை அழுத்தாமல், நிலாவிடம் பேச வேண்டிய அளவில் பேசினார். இவருக்குத் தனிப்பாட்டு மூன்றுதான் கொடுத்தார்கள். மற்றதெல்லாம் டூயட்டில் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று பாடுவது. டூயட்டில் அண்ணன் மைக்கின் சத்தம் இவர் மைக்கைவிடத் தெளிவாகவே கூடுதல். மிக்ஸரில் இருந்த பையனிடம் போய்ச் சொன்னேன். தலையாட்டினான். ஒரு பாட்டுக்குச் சரியாக இருந்தது, அடுத்ததில் பழையபடி.

சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எக்கோவை அள்ளிப் போட்டிருந்தார்கள். பந்தியில் ரசம் கேட்டால் பரிமாறுகிறவர் மோர் ஊற்றினார். மேடைக்குப் பக்கத்து பாக்ஸ் முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தை அழுது, இடம் மாற்றினார்கள். எல்லா ஆர்கெஸ்ட்ராவிலும் இருக்கிற வியாதிதான் இது. குறைக்கச் சொன்னால் குறைப்பார்கள், நீங்கள் திரும்பி நடந்ததும் ஏற்றுவார்கள்.

என் இரண்டு பி.பி.எஸ். பாட்டுக்கு என்ன ஆனது என்று பார்க்கலாம். முதலாவது 'மயக்கமா கலக்கமா'. மேனேஜர் வந்து, "அக்கா, விசேஷ வீட்டுல சோகப் பாட்டு வேணாமே" என்றார். சரி என்றேன். பத்து நிமிஷத்தில் கொழுந்தனின் நண்பர் துண்டுச் சீட்டு அனுப்ப, அண்ணன் 'எங்கே நிம்மதி' பாடினார். புதிய பறவையில் அத்தனை வாத்தியங்களை வைத்து எம்.எஸ்.வி.யும் ராமமூர்த்தியும் அடித்து நொறுக்கிய பாட்டு. அதை ஒரு கீபோர்டையும் ஒரு ரிதம் பேடையும் வைத்துக்கொண்டு முழுச் சத்தத்தில் இறக்கினார்கள். எண்பதாம் கல்யாண மேடையில், மனைவி பக்கத்தில் இருக்க, நிம்மதி எங்கே என்று கேள்வி. அத்தை என் பக்கம் சாய்ந்து, "ஏன்டி, நான் இங்கதான இருக்கேன்" என்றார். டி.எம்.எஸ். சோகம் சோகக் கணக்கில் வராது, அது வீரம் என்று மேனேஜர் நினைத்திருக்கலாம். யோசித்துப் பார்த்தால் அவர் நினைத்ததில் தப்பில்லை.

இரண்டாவது, 'பொன்னொன்று கண்டேன்'. படித்தால் மட்டும் போதுமா படத்தில் சிவாஜிக்கு டி.எம்.எஸ்., பாலாஜிக்கு பி.பி.எஸ். ஒரே மெட்டை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பாடுவார்கள். இருவருக்கும் உள்ள வித்தியாசத்தை யாருக்காவது சொல்ல வேண்டுமென்றால் நான் போட்டுக் காட்டுவது இதைத்தான். குழுவில் பி.பி.எஸ். குரலுக்கென்று ஆள் இல்லை. கீபோர்டுக்காரரே வாசித்துக்கொண்டு பாடினார். சாதாரணக் குரல். ஆனால் மைக்கை உதட்டோடு வைத்து, கைப்பெட்டியைத் திறக்கிற சத்தம்கூட வராத அளவில் பாடினார். அண்ணன் ஒரு வரியை எடுத்து மண்டபத்துக்குக் கொடுப்பார். கீபோர்டுக்காரர் அடுத்த வரியைத் தனக்குள்ளேயே சொல்லிக்கொள்வார். முன்னவர் கண்டதை ஊருக்குச் சொல்கிறார், பின்னவர் கண்டதை நினைத்துக்கொண்டிருக்கிறார். மெட்டு ஒன்று, தாளம் ஒன்று, கண்ணதாசன் ஒருத்தர். அண்ணனின் வரி முடியும்போதெல்லாம் கைதட்டல். மற்றவரின் வரியில் பாயசம் வந்துவிட்டதா என்ற பேச்சு.

பாட்டு முடிந்து நான் மாமாவுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனேன். "எப்படி இருந்துச்சு மாமா?" என்றேன். "நல்லாருந்துச்சு. நடுநடுவுல எதுக்கும்மா நிறுத்திட்டாங்க?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கீபோர்டுக்காரர் பாடிய வரிகள் அவருக்குக் கேட்கவே இல்லை. ஸ்பீக்கரை வலது காதுக்குத் திருப்பி வைத்தும், மெஷின் போட்டும், அந்த வரிகளின் இடத்தில் அவருக்கு வெறும் பாங்கோஸ் சத்தம்தான். இளவயதில் அவர் பாட்டுக் கேட்டது எங்கே என்று எனக்குத் தெரியும். மில்லில் ஷிப்டு முடிந்து, காதில் ரீங்காரம் அடங்காமலே டூரிங் டாக்கீஸ். கோயில் திருவிழாவில் பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். அந்தக் குழாயில் அடிக்குரல் வராது, மெல்லிய குரல் காற்றோடு போய்விடும். நடுவில் நிமிர்ந்து நிற்கிற குரல் மட்டும் அடுத்த ஊர் வரைக்கும் போகும். அப்பா காதோடு ஒட்டி வைத்த ரேடியோ மாமாவின் வாழ்க்கையில் எங்குமே கிடையாது. டி.எம்.எஸ். யாரைப் பார்த்துப் பாடினார் என்று கேட்டால், இதோ இவரைப் பார்த்துத்தான்.

இதெல்லாம் புரிந்தால் பிடித்துவிடுமா என்ன? ஒருவர் ஏன் உரக்கப் பேசுகிறார் என்று தெரிந்த பிறகும் உரத்த பேச்சு உரத்த பேச்சுதான். இந்த வீட்டில் அவர் ஏன் இவ்வளவு முக்கியம் என்று தெரிந்தது, அவ்வளவே. அன்றிரவு ஹெட்போனில் 'நிலவே என்னிடம் நெருங்காதே' கேட்டுவிட்டுத்தான் தூங்கினேன். இரண்டு பேரும் 2013-இல் ஒரே கோடையில் போனார்கள், ஸ்ரீநிவாஸ் ஏப்ரலில், டி.எம்.எஸ். மே மாதத்தில். இங்கே இரண்டாவது செய்திக்குத்தான் வீட்டில் அடுப்பு தாமதமாக எரிந்தது.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். ஐந்துக்கு நாலு. தாமதத்துக்கு அரை, டிராக் போட்டதற்கு அரை கழித்திருக்கிறேன். சத்தத்துக்குத் தனியாகக் கழிக்கவில்லை, அது சவுண்ட் செட்டின் கணக்கு. சொன்ன நேரத்துக்கு மேல் இருபது நிமிஷம் பாடினார்கள், அதற்குக் கூடுதல் கேட்கவில்லை. மேடையில் யாரும் தண்ணி போட்டிருக்கவில்லை. சிரிக்காதீர்கள், இது சோதித்துப் பார்க்க வேண்டிய விஷயம். பெரியவர்களைப் பெயர் சொல்லாமல் "ஐயா", "அம்மா" என்றே கூப்பிட்டார்கள். குழுவுக்கு முதல் பந்தியிலேயே இலை போட்டுவிடுங்கள், கடைசிப் பந்தி வரை காக்க வைக்கிற வீடுகளில் பிற்பகல் பாட்டு எப்படி இருக்கும் என்று தபேலாக்காரரே சொன்னார்.

அப்புறம், புல்லாங்குழல் வேண்டுமென்றால் தனியாக 3,500 கேட்பார்கள். நாங்கள் வேண்டாமென்று மிச்சம் பிடித்தோம். 'பூமாலையில் ஓர் மல்லிகை'யில் குழல் வருகிற இடமெல்லாம் கீபோர்டில் விசில் அடித்தது. அந்தக் காசைக் கொடுத்துவிடுங்கள். துண்டுச் சீட்டில் பாட்டுக் கேட்பதை நேரடியாக மேடைக்கு விடாமல் வீட்டு ஆள் ஒருவர் வாங்கி வடிகட்டுவது நல்லது. 'எங்கே நிம்மதி' எங்கள் வீட்டில் இன்னும் பேச்சாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த தை மாதம் கொழுந்தன் மகளுக்குக் கல்யாணம். ரிசப்ஷனுக்கு இதே குழுவைத்தான் சொல்லி முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. சுசீலா பாடிய பெண் கண்டிப்பாக வர வேண்டும், டி.எம்.எஸ். ஆறு பாட்டுக்கு மேல் கிடையாது என்று மேனேஜரிடம் எழுதியே வாங்கியிருக்கிறேன். மாமாவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.